பணம் அக்ராவில், பாட்டி ஊரில்: கானாவில் முதியோர் பராமரிப்பு எங்கே அறுகிறது?

முதியோர் உரிமைகளுக்காக ஆப்பிரிக்க ஒன்றியம் 2016-இல் ஏற்றுக்கொண்ட உடன்படிக்கை, தேவையான 15 நாடுகளின் ஒப்புதல் கிடைத்து 2024 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. இதையொட்டிய செய்திகளைப் படிப்பவர்களுக்கு இரண்டு படங்கள் மாறிமாறிக் கிடைக்கின்றன. ஒன்றில் ஆப்பிரிக்கக் குடும்பம் பெரியவர்களைத் தலைமேல் வைத்துத் தாங்குகிறது. மற்றொன்றில் வயதான பெண்கள் சூனியக்காரிகள் என்று ஊரைவிட்டுத் துரத்தப்படுகிறார்கள். எது உண்மை என்ற குழப்பம் இயல்பானது. இரண்டும் உண்மைதான், அதுவும் ஒரே நாட்டில். எப்படி என்று பார்க்க, ஐம்பத்துச் சொச்சம் நாடுகளை ஒன்றாகக் கட்டிப் பேசாமல் மேற்கு ஆப்பிரிக்காவின் கானாவை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

2021 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கானாவில் 3 கோடியே 8 லட்சம் பேர். அவர்களில் 60 வயதைக் கடந்தவர்கள் ஏறத்தாழ 20 லட்சம். நூற்றுக்கு ஆறேழு பேர்தான் என்பதால் ஆட்சியாளர்கள் கண்ணுக்கு இது சிறிய விஷயமாகவே தெரிகிறது. வயதானவர்களைக் குடும்பம் பார்த்துக்கொள்ளும் என்ற எண்ணத்தின் மேல்தான் அரசின் திட்டங்கள் எல்லாம் நிற்கின்றன. ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: குடும்பம் என்று அங்கே யாரைச் சொல்கிறார்கள்?

## அபுசுவா: தாய்வழிக் குடும்பம்

கானா மக்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் அக்கான் இனத்தவர். அசாந்தே, ஃபான்டே, குவாஹு எல்லாம் இதன் பிரிவுகள். இவர்களுக்குக் குடும்பம் என்றால் 'அபுசுவா', அதாவது ஒரே தாயின் வழியில் வந்தவர்கள். நாஞ்சில் நாட்டு மருமக்கள்தாயத்தைப் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். ஒருவரின் சொத்து மரபுப்படி அவருடைய சகோதரருக்கும், பிறகு சகோதரியின் மகனுக்கும் போகும். கணவனும் மனைவியும் வெவ்வேறு அபுசுவாக்களைச் சேர்ந்தவர்கள். கல்யாணம் ஆனாலும் அது மாறாது. பல அசாந்தே ஊர்களில் மனைவி தன் தாய்வீட்டிலேயே இருந்துகொண்டு, சாயங்காலம் சமைத்ததைப் பிள்ளைகள் தலையில் வைத்துக் கணவன் வீட்டுக்கு அனுப்பி வைப்பது வழக்கமாக இருந்தது.

முதுமையில் இந்த அமைப்பு ஆணையும் பெண்ணையும் ஒரே மாதிரி நடத்துவதில்லை. வயதான பெண் தன் அபுசுவா வீட்டில் மகள்களோடும் பேத்திகளோடும் இருப்பாள். அவளுக்குக் கை கொடுப்பவர்கள் அவளுடைய சொந்த இரத்தம். வயதான ஆணோ, மணமுறிவு ஏற்பட்டோ வேலை முடிந்தோ தன் அபுசுவா வீட்டுக்குத் திரும்பி, சகோதரியையோ அவள் மகளையோ நம்பி இருக்க வேண்டும். அவருடைய பிள்ளைகள் வேறொரு அபுசுவாவைச் சேர்ந்தவர்கள்.

அக்கான் பழமொழி ஒன்று எல்லோர் வாயிலும் இருக்கும்: உனக்குப் பல் முளைக்கும்வரை உன்னைப் பார்த்துக்கொண்டவர்களை, அவர்களுக்குப் பல் கொட்டும்போது நீ பார்த்துக்கொள். வெளியார் இதைப் பாசத்தின் சொல்லாகவே எடுத்துக்கொள்கிறார்கள். ஊரில் இதைக் கணக்காகவும் படிப்பார்கள். பள்ளிக் கட்டணம் கட்டாத, சாப்பாட்டுக்குப் பணம் தராத தகப்பன் கிழவனாகி வந்து நிற்கும்போது, எனக்குப் பல் முளைத்தபோது நீ எங்கே இருந்தாய் என்று பிள்ளைகள் கேட்கலாம். ஊரும் அவர்களைப் பெரிதாகக் குறை சொல்லாது. வயதான ஆண்களில் சிலர் பெண்களைவிட மோசமான நிலையில் தனித்துவிடப்படுவதற்கு இது முக்கியக் காரணம்.

இதன் மேல் 1985-இல் ஒரு சட்டம் வந்தது. உயில் எழுதாமல் இறப்பவரின் சொந்தச் சம்பாத்தியத்தைப் பங்கிடும் முறையை அது மாற்றியது. வீடும் வீட்டுச் சாமான்களும் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும். மிச்சத்தை 16 பங்காக்கினால் பிள்ளைகளுக்கு 9, மனைவிக்கு 3, பெற்றோருக்கு 2, மரபுக் குடும்பத்துக்கு 2. விதவைகள் வீட்டைவிட்டு வெளியேற்றப்பட்ட கொடுமையைத் தடுக்க அவசியமாக இருந்த சட்டம் இது. அதே சமயம், தாய்மாமனைப் பார்த்துக்கொண்டால் அவர் சொத்து வரும் என்ற சகோதரி மகனின் எதிர்பார்ப்பையும் இது தளர்த்தியது. சட்டத்தின் கண்ணில் பொறுப்பு பிள்ளைகள் பக்கம் நகர்ந்துவிட்டது; ஆனால் பழைய வழக்கப்படி தாயோடு வளர்ந்த பிள்ளைகள் தகப்பன் இருக்கும் வீட்டில் இல்லை.

## பணம், கை, கண்

'பராமரிப்பு' என்ற ஒற்றைச் சொல் மூன்று தனித்தனி வேலைகளை மூடி மறைத்துவிடுகிறது. கானாவின் சிக்கலைப் புரிந்துகொள்ள அவற்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும்.

1. பணம். சாப்பாடு, மருந்து, கூரை, மின்கட்டணம்.

2. கை. விடியற்காலையில் சிறுநீர்ப் பாத்திரத்தைக் கொட்டிக் கழுவுவது, வாளியில் வெந்நீர் விளாவிக் காலையும் மாலையும் குளிப்பாட்டுவது, துணி துவைப்பது, முற்றத்தைத் தாண்டி இருக்கும் கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போவது. சமையலிலும் கை வேண்டும். விருப்ப உணவான ஃபூஃபூவுக்கு வேகவைத்த மரவள்ளியையும் வாழைக்காயையும் உரலில் இடிக்க வேண்டும். வழக்கமாக ஒருவர் உலக்கை போட இன்னொருவர் மாவைத் திருப்பிக்கொடுப்பார். தனியாக இருக்கும் கிழவியால் இது ஆகாது. அவர் கடையில் விற்கும் புளித்த சோள உருண்டைக்கும் கஞ்சிக்கும் மாறிவிடுவார்.

3. கண். யாராவது ஒருவர் தினமும் பார்த்து, கால் வீங்கியிருக்கிறது, பேச்சு குழறுகிறது, நேற்று சாப்பிடவில்லை என்று கவனித்து, இன்றே ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று முடிவெடுப்பது.

முன்பு இந்த மூன்றும் ஒரே முற்றத்தைச் சுற்றி இருந்தன. இன்று பணம் தலைநகர் அக்ராவிலோ இலண்டனிலோ இருக்கிறது. கை கூலிக்கு வந்த ஒரு பெண்ணுடையது. கண் பெரும்பாலும் தொலைபேசியில். பிள்ளைகளின் அன்பு வற்றிவிட்டது என்ற புலம்பலை கானாவில் அடிக்கடி கேட்கலாம், பிரசங்க மேடைகளில் குறிப்பாக. எனக்கு அது சரியான நோய்க்கண்டறிதலாகத் தோன்றவில்லை. மாதம் தவறாமல் பணம் அனுப்பும் பிள்ளைகளின் தாய்க்கும் படுக்கைப்புண் வருகிறது. பணத்தையும் கையையும் கண்ணையும் கட்டியிருந்த முடிச்சுதான் அவிழ்ந்திருக்கிறது.

## கைகள் எங்கே போயின?

1. பள்ளிக்கு. பாட்டிக்குத் துணையாக ஒரு பேரக்குழந்தையை அனுப்பிவைப்பது பழைய ஏற்பாடு. தண்ணீர் கொண்டுவருவது, ஏவல் வேலை செய்வது, இரவில் அதே அறையில் படுத்துக்கொள்வது எல்லாம் அந்தக் குழந்தையின் பொறுப்பு. 1990-களின் நடுவில் வந்த கட்டாய இலவச அடிப்படைக் கல்வியும், 2017-இல் வந்த இலவச மேல்நிலைக் கல்வியும் இந்தக் குழந்தைகளை வகுப்பறைக்குக் கொண்டுபோயின. மேல்நிலைப் பள்ளிகளில் பல விடுதிப் பள்ளிகள் என்பதால் பிள்ளை மாதக்கணக்கில் வீட்டில் இருக்காது. இது நல்ல மாற்றம், பின்னோக்கித் திருப்பக்கூடாத மாற்றம். ஆனால் அந்தக் குழந்தையின் இடத்தில் யாரையும் அரசு வைக்கவில்லை.

2. சந்தைக்கு. மகள்கள் குமாசி, அக்ரா சந்தைகளில் வியாபாரம் செய்கிறார்கள். கடையை ஒரு மாதம் மூடினால் முதல் கரைந்துவிடும். தாய்க்கு அனுப்பும் பணமும் அந்தக் கடையிலிருந்துதான் வருகிறது.

3. எண்ணிக்கையே குறைந்தது. 1988-இல் ஒரு பெண்ணுக்குச் சராசரியாக 6-க்கு மேல் பிள்ளைகள். 2022-இல் 4-க்குச் சற்றுக் குறைவு.

4. வெளிநாட்டுக்கு. இதைக் கடைசியில் தனியாகப் பார்ப்போம்.

வெற்றிடத்தைக் குடும்பங்கள் நிரப்பும் விதம் ஒன்று உண்டு. தூரத்து உறவில், வசதியில்லாத வீட்டுப் பெண் ஒருத்தியைக் கொண்டுவந்து பாட்டியோடு விடுவார்கள். கையில் சம்பளம் சொற்பம். சில ஆண்டுகள் கழித்துத் தையல் பழக அனுப்புகிறோம், தையல் இயந்திரம் வாங்கித் தருகிறோம் என்பதுதான் பேச்சு. சொன்னபடி நடக்கும் வீடுகளில் இந்த ஏற்பாடு நன்றாகவே ஓடும். வாக்குத் தள்ளிப்போகும் வீட்டில் அந்தப் பெண் ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அன்று காலை பாட்டிக்குக் குளியல் இல்லை. அவளைக் குறை சொல்ல எதுவுமில்லை.

## பணத்தின் கணக்கு

ஓய்வூதியம் யாருக்கு? 2008 ஓய்வூதியச் சட்டப்படி, முறையான வேலையில் இருப்பவரின் அடிப்படைச் சம்பளத்தில் 18.5 சதவீதம் பிடிக்கப்படுகிறது (முதலாளி 13, தொழிலாளி 5.5). குறைந்தது 180 மாதங்கள் கட்டியிருந்தால் 60 வயதில் மாத ஓய்வூதியம். 15 ஆண்டுகளுக்கு, மிக உயர்ந்த மூன்று ஆண்டுச் சம்பளச் சராசரியில் 37.5 சதவீதம், அதன்பின் ஒவ்வோர் ஆண்டுக்கும் 1.125 சதவீதம் கூடும். 35 ஆண்டு கட்டியவருக்கு 60 சதவீதம், அதுவே உச்சம். ஒழுங்கான திட்டம்தான். ஆனால் கோக்கோ விவசாயியும், சந்தை வியாபாரியும், தையற்காரரும், ஓட்டுநரும் பெரும்பாலும் இதற்கு வெளியே இருக்கிறார்கள், நாட்டின் உழைப்பாளிகளில் பெரும்பகுதி அவர்களே.

வெளியே இருப்பவர்களில் பரம ஏழைகளுக்கு 2008-இல் 'லீப்' என்ற உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. ஆதரவற்ற 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் இதில் ஒரு பிரிவு. இரண்டு மாதத்துக்கு ஒருமுறை பணம் வரும். 2015 முதல் தனிநபர் குடும்பத்துக்கு 64 சீடி (கானா நாணயம்) என்றிருந்த தொகை 2023-இல்தான் உயர்த்தப்பட்டது. இடையில் 2022 டிசம்பரில் விலைவாசி ஏற்றம் 54.1 சதவீதத்தைத் தொட்டது. அந்த ஆண்டுகளில் 64 சீடியால் இரண்டு மாதத்துக்கு எதை வாங்கியிருக்க முடியும் என்பதைச் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

மற்றவர்களுக்குப் பிள்ளைகள் மொபைல் மணி (கைபேசி எண் வழியான பணப் பரிமாற்றம்) மூலம் அனுப்புவதே ஓய்வூதியம். ஊரில் மேசை போட்டு அமர்ந்திருக்கும் முகவரிடம் போய்ப் பணமாக்கிக்கொள்ளலாம். 2022 மே மாதம் இந்தப் பரிமாற்றங்கள் மீது 1.5 சதவீத வரி வந்தது. பின்னர் 1 சதவீதமாகக் குறைந்து, 2025-இல் ரத்தானது. தாய்க்கு அனுப்பும் மருந்துப் பணத்தின் மீதும் அது விழக்கூடியதாக இருந்தது; எதிர்ப்பும் கடுமையாக எழுந்தது. இந்த வழியில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: கண் மங்கிய, எழுத்தறியாத பெரியவருக்கு வேறு யாராவது இரகசிய எண்ணைப் போட்டுத் தர வேண்டும். பணம் போய்ச் சேர்ந்த குறுஞ்செய்தி மகனுக்கு வந்துவிடும். சாப்பாடாக மாறியதா என்பது வராது.

## மருத்துவக் காப்பீடு: 70 வயதும், பல் செட்டும்

தேசிய மருத்துவக் காப்பீட்டில் 70 வயதைக் கடந்தவர்களுக்குப் பிரீமியம் கிடையாது. பெரிய உதவி இது. நடைமுறையில் தடுக்கும் மூன்று இடங்கள்:

1. 60 முதல் 69 வரை. முறைசார்ந்த ஓய்வூதியம் வாங்குபவருக்கு விலக்கு உண்டு. விவசாயி கட்டியாக வேண்டும். இரத்த அழுத்தமும் நீரிழிவும் தலைகாட்டும் வயது இதுவே.

2. விலக்கு இருந்தாலும் அட்டையை ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். நினைவில் வைத்திருக்க 'கண்' இல்லாத வீட்டில், அட்டை காலாவதியானது ஆஸ்பத்திரி வாசலில்தான் தெரியவரும்.

3. செவிக்கருவி, மூக்குக் கண்ணாடி, செயற்கைக் கால், பல் செட்டு ஆகியவை காப்பீட்டு விதிகளின் விலக்குப் பட்டியலில் வைக்கப்பட்டன. பல் விழும் காலத்தைப் பற்றிப் பழமொழி சொல்லும் சமூகத்தில், பல் செட்டு குடும்பத்தின் செலவு.

## அறுகிற இடங்கள்

கானாவில் முதியவரைப் படுக்கையில் தள்ளும் முக்கியக் காரணங்களில் ஒன்று பக்கவாதம். அதற்கு முன் பல ஆண்டுகள் கட்டுப்படாத இரத்த அழுத்தம் இருந்திருக்கும். மாத்திரை ஏன் ஒழுங்காக உள்ளே போகவில்லை என்று பார்த்தால், பதில் பலசமயம் மருந்துக்கடையில் இல்லை, வீட்டின் அமைப்பில் இருக்கிறது. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரையை மாலையில் போட்டால் இரவில் மூன்று முறை எழ வேண்டும். கழிப்பறை முற்றத்தின் மறுகோடியில். இருட்டில் விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பெரியவர் அந்த மாத்திரையை மட்டும் ஒதுக்கிவிடுவார். அனுப்பிய பணத்தில் வாங்கிய மருந்து டப்பாவில் அப்படியே கிடக்கும். மருத்துவரைக் கேட்டு அதைக் காலைக்கு மாற்றுவதும், கட்டிலருகே மூடியுள்ள பாத்திரம் ஒன்று வைப்பதும் போதும். ஆனால் இதைக் கண்டுபிடிக்க யாராவது டப்பாவைத் திறந்து எண்ண வேண்டும். உப்பும் இப்படித்தான். குழம்பில் போடும் உப்புக்கருவாடும் சுவைக்கட்டியும் குறையாமல் மாத்திரை மட்டும் வேலை செய்யாது. சமைப்பவரிடம் இதை யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.

பக்கவாதத்துக்குப் பிறகு மூன்று தவறுகள் திரும்பத் திரும்ப நடக்கின்றன.

1. படுத்த நிலையில் ஊட்டுவது. ஃபூஃபூவை மெல்லாமல் விழுங்குவதே முறை. விழுங்கும் தசை பலவீனமானவருக்கு அது தொண்டையில் அடைக்கும், அல்லது உணவு நுரையீரலுக்குள் போய் நிமோனியாவாகும். நிமிர்த்தி உட்காரவைத்து, கெட்டியான கஞ்சியைச் சிறு கரண்டியால் தர வேண்டும். ஊட்டிய பின்னும் அரைமணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும்.

2. புரட்டிப்போடாதது. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றாவிட்டால் இடுப்பிலும் குதிகாலிலும் புண் வரும். பதினாறு வயதுப் பெண் ஒருத்தியால் எழுபது கிலோ உடலைத் தனியாக, இரவும் பகலும் புரட்ட முடியாது. இது கவனக்குறைவு அல்ல, ஆள் போதாமை.

3. தண்ணீரைக் குறைப்பது. துணி நனையக் கூடாது என்பதற்காக. விளைவு மலச்சிக்கல், சிறுநீர்த் தொற்று, அதனால் திடீர்க் குழப்பம்.

குழப்பத்திலிருந்து இன்னும் பெரிய ஆபத்து தொடங்குகிறது. இரவில் எழுந்து அலைவது, தனக்குத்தானே பேசுவது, என் பணத்தைத் திருடிவிட்டாய் என்று வீட்டாரைக் குற்றம் சாட்டுவது எல்லாம் மறதிநோயின் அறிகுறிகளாகவும் இருக்கலாம். மறதிநோய் என்ற பெயரே வந்து சேராத ஊரில் இதே நடத்தைக்கு வேறொரு விளக்கம் தயாராக இருக்கிறது. கானாவின் வடபகுதியில் கம்பாகா, குக்குவோ, நானி போன்ற இடங்களில் சூனியக்காரி என்று பழிசுமத்தப்பட்ட பெண்கள் அடைக்கலம் தேடி வாழும் முகாம்கள் உள்ளன. பெரும்பாலோர் வயதானவர்கள், பலர் விதவைகள். கம்பாகாவில் கோழியை அறுத்து, அது எந்த நிலையில் விழுந்து சாகிறது என்பதை வைத்து ஒரு பெண் குற்றவாளியா இல்லையா என்று தீர்மானிக்கும் வழக்கம் உண்டு. வடக்கில் பெரும்பாலும் தந்தைவழிச் சமூகம். கணவன் இறந்தபின் அவன் ஊரில் அவளுக்காகப் பேச வலுவான இரத்த உறவு இருக்காது. வீட்டில் ஒரு குழந்தை காய்ச்சலில் இறந்தால் விரல் அவளை நோக்கி நீளும். நோய் மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது; தெளிந்த புத்தியோடு இருந்தவர்களும் துரத்தப்பட்டிருக்கிறார்கள்.

முகாமுக்குப் போகும் பாட்டியோடு சிலசமயம் ஒரு பேத்தியையும் அனுப்புகிறார்கள், தண்ணீர் சுமக்கவும் விறகு பொறுக்கவும். குடும்பம் உறவை அறுத்த பிறகும் 'கை' ஒன்றைத் தந்து அனுப்புகிறது. அந்தக் குழந்தையின் படிப்பு அதோடு போய்விடுகிறது.

2020 ஜூலையில் கஃபாபா என்ற ஊரில் 90 வயது மூதாட்டி ஒருவர் இந்தப் பழியால் பட்டப்பகலில் அடித்துக் கொல்லப்பட்டார். சூனியப் பழி சுமத்துவதைக் குற்றமாக்கும் மசோதாவை நாடாளுமன்றம் 2023 ஜூலையில் நிறைவேற்றியது. அரசுக்குச் செலவு வைக்கும் மசோதாவைத் தனிநபர் உறுப்பினர் கொண்டுவந்தது அரசமைப்புக்கு முரண் என்று சொல்லி அன்றைய அதிபர் அகுஃபோ-அட்டோ கையெழுத்திட மறுத்துவிட்டார்.

## 'அபுசுவா பிணத்தைத்தான் நேசிக்கும்'

இதுவும் அக்கான் பழமொழிதான். உயிரோடு இருந்தபோது மருந்துக்குக் கிடைக்காத பணம், செத்தபின் எங்கிருந்தோ வருகிறது. உடல் வாரக்கணக்கில், சிலசமயம் மாதக்கணக்கில் பிணவறையில் காத்திருக்கும்; அதற்குள் வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள், சுவரொட்டி அச்சிடுவார்கள், வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குப் பயணச்சீட்டு தயாராகும். சனிக்கிழமை கறுப்பும் சிவப்பும் உடுத்தி ஊரே கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இது போலித்தனம். உள்ளே ஒரு பொருளாதாரம் இயங்குகிறது:

1. வழக்கத்தில் இறுதிச்சடங்கு அபுசுவாவின் கடமை. வைத்தியச் செலவு பிள்ளைகளின் கடமை என்றாகிவிட்டது. இரண்டு பைகள் வேறு வேறு.

2. சடங்கில் வருவோர் கொடுக்கும் 'என்சாவா' எனும் மொய்ப்பணம் நோட்டில் எழுதப்பட்டு, ஒலிபெருக்கியில் அறிவிக்கப்படும். செலவில் ஒரு பகுதி திரும்பிவரும். நோய்க்கு மொய் கிடையாது.

3. சடங்குக்கு ஒரு நாள் குறிக்கலாம். நான்கு ஆண்டு படுக்கைக்கு நாள் குறிக்க முடியாது. ஒரு நாளைக்குக் கடன் வாங்கும் குடும்பம், முடிவு தெரியாத செலவுக்குக் கடன் வாங்கத் தயங்கும்.

மூன்றாவது காரணமே வலுவானது என்பது என் எண்ணம்.

## கூலிக்கு வரும் கை

அக்ராவிலும் குமாசியிலும் வீட்டுக்கு வந்து பார்த்துக்கொள்ளும் ஆட்களை அனுப்பும் முகமைகள் பெருகியிருக்கின்றன. சில மாதப் பயிற்சி பெற்ற இளம்பெண்களே பெரும்பாலும் வருகிறார்கள். குடும்பம் முகமைக்குக் கட்டும். முகமை ஒரு பங்கை எடுத்துக்கொண்டு மீதியைத் தரும். தாயை அந்நியர் குளிப்பாட்டுவது அவமானம் என்ற எண்ணம், பிள்ளைகள்தான் ஆளை அமர்த்தி மேற்பார்வை செய்கிறார்கள் என்று சொல்லும் அளவுக்கு இளகியிருக்கிறது. சண்டை வருவது வேறு இடத்தில். பெரியவரின் துணியை மட்டும் துவைப்பதா, வீட்டார் துணியையுமா? அவளுக்குச் சாப்பாடு யார் வீட்டிலிருந்து? இரவில் எழுந்தால் அது வேலை நேரமா? இவற்றை முதல் நாளே எழுதிக்கொள்ளாத வீடுகளில் ஆள் நிற்பதில்லை.

அப்படிப் பயிற்சி பெற்றவர்களின் கண் வெளிநாட்டில். பிரிட்டன் 2022 பிப்ரவரியில் பராமரிப்புப் பணியாளர்களுக்கு விசா வழியைத் திறந்தது. 2024 மார்ச் முதல் குடும்பத்தாரை உடன் அழைத்துவரத் தடை. 2025 ஜூலையில் வெளிநாட்டிலிருந்து புதிதாக ஆள் எடுப்பதையே நிறுத்தியது. இந்த இடைவெளியில் போன கானாப் பெண்கள் அங்கே பிறர் தாயைப் புரட்டிப்போடுகிறார்கள். அந்தச் சம்பளத்தில் ஒரு பகுதி, ஊரில் தம் தாயைப் புரட்டிப்போடும் இன்னொரு பெண்ணுக்குப் போகிறது.

இப்படிச் சிதறிய குடும்பங்களில் ஓரளவு நன்றாக ஓடும் வீடுகளைக் கவனித்தால் சில ஏற்பாடுகள் பொதுவாகத் தெரியும். மாதப் பங்கு யார் எவ்வளவு என்று உடன்பிறந்தவர்களின் வாட்ஸப் குழுவில் எழுதி வைத்திருப்பார்கள். பணம் தருபவரும் முடிவெடுப்பவரும் ஒருவராக இல்லாவிட்டால், அவசரத்தில் யார் சொல்வது செல்லும் என்பதையும் தீர்த்திருப்பார்கள். உதவிக்கு இருக்கும் பெண் ஒரு கோடுபோட்ட நோட்டில் தேதி, இரத்த அழுத்தம், சாப்பிட்டது, மலம் கழித்தது, புண் இருக்கிறதா என்பதை எழுதிப் படம் எடுத்து அனுப்புவாள். ஊரிலேயே இருக்கும் ஒருவர், பெரும்பாலும் தேவாலயச் சபையைச் சேர்ந்த பெண், முன்னறிவிப்பின்றி வாரம் ஒருமுறை எட்டிப்பார்ப்பார். உதவிக்கு இருக்கும் பெண் ஞாயிற்றுக்கிழமை விடுப்பில் போகும்போது யார் வருவார் என்பதற்கு ஒரு பெயரும், அவரும் வராவிட்டால் இரண்டாவது ஒரு பெயரும் இருக்கும். ஏற்பாடு குலைகிற வீடுகளில் அது பெரும்பாலும் அந்த ஞாயிற்றுக்கிழமையில்தான் குலைந்திருக்கும்.